பணத்தையும் முரண்பாட்டுக் கணக்கில் எழுதுங்கள்

வெளிநாட்டுக் கொடையில் நடக்கும் சமாதான, நல்லிணக்கச் செயற்றிட்டங்களுக்கு இலங்கையில் தலைமை தாங்குகிறவர்களுக்கு



உங்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், உள்ளே இருந்து சொல்லக்கூடியவர்களுக்கு அது எளிதாக இல்லை என்பதுதான். உங்கள் கள உத்தியோகத்தர் குறுகிய கால ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். உங்கள் பங்காளி அமைப்பு அடுத்த தவணைப் பணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊரில் உங்கள் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவருக்கோ பயனாளிகள் பட்டியலில் தன் பெயர் நிற்க வேண்டும். இவர்களில் எவரும் உங்கள் முகத்துக்கு நேரே குறை சொல்வார் என்று நீங்கள் காத்திருக்க முடியாது. ஆகவே அவர்கள் சொல்லத் தயங்குவதை நான் சொல்கிறேன். செயற்றிட்டம் தொடங்குமுன் நீங்கள் முரண்பாட்டுப் பகுப்பாய்வு ஒன்று செய்விக்கிறீர்கள். இராணுவம் பிடித்திருக்கும் காணி, கோயில், விகாரை, பள்ளிவாசல், கட்சிக்காரர், முகநூல் வதந்தி எல்லாம் அதில் இடம்பெறுகின்றன. ஊருக்குள் வரப்போகிற புதிய பணம் ஒன்று இருக்கிறது. அது யாரிடம் போகும், யாரைத் தாண்டிப் போகும், அதைப் பங்கிடும் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பது மட்டும் அதில் இல்லை. மற்றெல்லோரும் முரண்பாட்டின் பாத்திரங்கள், நீங்கள் பார்வையாளர் என்பது போல அந்த ஆவணம் எழுதப்படுகிறது. இந்த நாட்டின் அனுபவம் அதை ஏற்கவில்லை.

மகாவலியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கென வகுத்த திட்டத்தை ஆறு ஆண்டுகளில் முடிப்பதாக 1977இல் வந்த அரசாங்கம் அறிவித்தபோது, கொடையாளர்கள் அணைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். விக்டோரியா பிரித்தானியாவின் பணம், கொத்மலை சுவீடனுடையது, ரந்தெனிகல மேற்கு ஜெர்மனியுடையது, மாதுறு ஓயா கனடாவுடையது. அவர்கள் எவரும் இனமுரண்பாட்டை வளர்க்கவென்று வந்தவர்களல்லர். மின்சாரம், நெல், வேலைவாய்ப்பு என்று எண்ணி வந்தவர்கள். ஆனால் அணையிலிருந்து இறங்கும் நீர் எந்தக் காணிக்குப் போகும், அந்தக் காணியில் யார் குடியேற்றப்படுவார் என்பது அரசாங்கத்தின் உள்விவகாரம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கிழக்கில் குடிப்பரம்பலைப் பற்றி அப்போதே கொதித்துக்கொண்டிருந்த சண்டைக்குள் அந்த நீர் பாய்ந்தது. 1980களின் நடுவில் மணலாற்றுத் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டு, அப்பகுதி வெலிஓயா என்ற பெயரில் மகாவலியின் ‘எல்’ வலயத்துக்குள் கொண்டுவரப்பட்டுச் சிங்களக் குடியேற்றங்கள் எழுந்ததை வடக்கில் எவரும் மறக்கவில்லை. மகாவலி அதிகாரசபை என்ற பெயரைக் கேட்டாலே முல்லைத்தீவில் இன்றும் கூட்டம் கூடுவது அதனால்தான். கட்டுமானம் எங்களுடையது, அதன் அரசியல் உங்களுடையது என்ற அந்தப் பிரிவினை அன்றைய பொறியியலாளர்களோடு முடிந்துபோகவில்லை. பயிற்சி எங்களுடையது, பயனாளித் தெரிவு பிரதேச செயலகத்தினுடையது என்று இன்று நீங்கள் சொல்லும்போது அதே பிரிவினையைத்தான் செய்கிறீர்கள்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையுமல்ல. 1994க்கு முன் ருவாண்டா கொடையாளர்களின் கண்ணில் நல்ல பிள்ளை. அங்கே அபிவிருத்தி என்ற பெயரில் நடந்தவை எப்படி ஒதுக்கலையும் அவமானத்தையும் ஆழமாக்கின என்று பீட்டர் யூவின் 1998இல் ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு மேரி அண்டர்சனின் ‘தீங்கு செய்யாதே’ அணுகுமுறை நூலாக வந்தது. போர்ச் சூழலுக்குள் வரும் எந்த வளமும் நடுநிலையாக இருக்க முடியாது, அது மக்களைப் பிரிப்பவற்றையோ இணைப்பவற்றையோ பலப்படுத்தும் என்பது அதன் சாரம். இவற்றை நீங்கள் படித்திருப்பீர்கள்; உங்கள் பயிற்சிக் கையேடுகளில் இரண்டும் இருக்கின்றன. கையேட்டிலிருந்து அவை வரவுசெலவுத் திட்டத்துக்கு இறங்கி வரவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

பணத்தால் சமாதானத்தை வரவழைக்கலாம் என்ற நம்பிக்கையும் இங்கே ஒருமுறை முழு அளவில் சோதிக்கப்பட்டாயிற்று. 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. 2003 ஜூனில் தோக்கியோவில் கூடிய கொடையாளர்கள் நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டொலர் தருவதாக உறுதியளித்து, பேச்சின் முன்னேற்றத்தோடு அதைப் பிணைத்தார்கள். ஏப்ரலிலேயே பேச்சிலிருந்து விலகியிருந்த விடுதலைப் புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. பேச்சு மேசையில் தமக்கெனத் தனித் தரப்பு வேண்டும் என்று கேட்ட முஸ்லிம்களுக்கு அது கிடைக்கவுமில்லை. 2006இல் நாடு போருக்குத் திரும்பியது. பணம்தான் போரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கொடையாளருக்கு அவர்களுக்கில்லாத பலத்தைக் கொடுப்பதாகும். ஆனால் பரிசாக நீட்டப்பட்ட பணம், அந்தப் பரிசு யார் கையால் பங்கிடப்படும் என்ற புதிய சண்டையை மேசைக்குக் கொண்டுவந்தது. வடக்கு கிழக்குக்கு இடைக்கால நிருவாகம் வேண்டும் என்ற வாதத்தின் பாதி அந்தப் பணத்தைக் கையாளும் உரிமையைப் பற்றியதே. நோர்வே தன் முயற்சியை வெளியாரைக் கொண்டு மதிப்பிடச் செய்து 2011இல் வெளியிட்ட அறிக்கை உங்கள் மேசையில் இருக்க வேண்டிய ஒன்று.

சுனாமிக்குப் பிந்திய காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அப்போது எல்லாம் நல்ல மனத்தோடு செய்யப்பட்டது. 2004 டிசம்பர் 26க்குப் பின் உலகமே இரங்கியது, பணத்துக்குக் குறைவில்லை, முரண்பாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நடந்தது என்ன? கரையிலிருந்து தெற்கே 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்று கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான முஸ்லிம் ஊர்களில் அந்த 200 மீற்றருக்குள் ஏராளமான வீடுகள் இருந்தன; உள்ளே போய் வீடு கட்டவோ அரச காணியும் அயலவர் காணியும்தான் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஒரு வழக்கு. போரில் இடம்பெயர்ந்து பத்து, பதினைந்து ஆண்டுகளாக நலன்புரி நிலையங்களில் கிடந்தவர்களின் கண்ணெதிரே, அலையில் வீடிழந்தவர்களுக்குப் புது வீடுகள் எழுந்தன. இரண்டு அகதிகளுக்குமிடையில் இருந்த வேறுபாடு அவர்கள் பட்ட துன்பத்தில் இல்லை, கொடையாளரின் கணக்குத் தலைப்பில் இருந்தது. உதவியைச் சேர்ந்து பங்கிடவென்று 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் புலிகளும் ஒப்பமிட்ட பொதுக் கட்டமைப்பு, ஒப்பமிடுமுன்னரே ஆளும் கூட்டணியிலிருந்து ஜே.வி.பி.யை வெளியேற்றிவிட்டது. மிக அதிகமான உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தில் இறந்தோரில் பெரும் பங்கு முஸ்லிம்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் ஒப்பமிடும் தரப்பாக இல்லை. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. இதன் உச்சம் நுரைச்சோலை. அக்கரைப்பற்றுப் பகுதியில் சுனாமியால் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கென சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டப்பட்டன. காணி யாருடையது, வீடு யாருக்கு என்று வழக்கு வந்தது, இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது, வீடுகள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பற்றை மண்டிக் கிடந்தன. கொடுத்தவருக்கு நல்ல நோக்கம், வாங்க வேண்டியவருக்கு உண்மையான தேவை, எதிர்த்தவருக்கும் காணி பற்றிய உண்மையான அச்சம். அத்திவாரம் வெட்டுமுன் அந்தக் காணியைப் பற்றிக் கேட்டு, பதில் சரியில்லாதபோது வேலையை நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே அம்பாறையிலேயே இருக்கிறது என்பது விசித்திரம். சுதந்திரத்துக்குப் பிந்திய முதற் பெரும் குடியேற்றத் திட்டமும் 1956இல் தமிழர் மீதான வன்முறையின் களமுமான கல்லோயாவில், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் வேலை நடந்தது. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அதில் விவசாயிகளை அமைப்பாக்கும் பகுதியை ஏற்றன. ஒழுங்கமைப்பாளர்களாக அனுப்பப்பட்ட இளைஞர்கள் கிராமங்களிலேயே தங்கினார்கள். ஒவ்வொரு வயல் வாய்க்காலுக்கும் ஒரு சிறு குழு, அவற்றுக்கு மேல் ஒரு பெரிய குழு, எல்லாவற்றிலும் பேச்சு நீரைப் பற்றியே. வாய்க்காலின் மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்களவர், கடைப்பகுதியில் தமிழர். நீர்த்தேக்கம் நிரம்பாத போகத்தில் மேலே இருந்தவர்கள் முறைவைத்து நீரை மிச்சப்படுத்திக் கீழே விட்டார்கள். நோர்மன் அப்ஹொஃப் 1992இல் எழுதிய நூலில் இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்தத் திட்டத்துக்குச் சமாதானம் என்று பெயரில்லை. இன நல்லுறவு அதன் இலக்குகளிலும் இல்லை. போரை அது தடுக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். தடுக்கவில்லைதான், சில நூறு வாய்க்கால் குழுக்கள் கொழும்பின் அரசியலைத் திருப்பும் என்று யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அது ஒன்றைக் காட்டியது. இரு சமூகத்துக்கும் உண்மையாகவே வேண்டிய ஒரு பொருள் இருந்தது, அதைப் பங்கிடும் விதி எல்லார் முன்னிலையிலும் பேசப்பட்டது, பங்கீடு கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதாக இருந்தது. அங்கே நம்பிக்கை தானாக வந்தது. உங்கள் செயலமர்வுகளில் இந்த மூன்றும் இருக்கின்றனவா?

2009க்குப் பிந்திய செயற்றிட்டங்களைப் பார்க்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். மொழி வகுப்பு, இளைஞர் பரிமாற்றம், சேர்ந்து சமைத்தல், சேர்ந்து விளையாடுதல் இவற்றை நான் இகழவில்லை. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனயிலும் 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்கள் மீது வன்முறை பாய்ந்த நாட்டில் ஒருவரையொருவர் அறிந்திருப்பது சின்ன விடயமல்ல. ஆனால் பங்கிடப்படாமல் கிடக்கிறவை காணியும் உண்மையும் நீதியும். அவற்றைத் தொடாமல் உணர்வுகளை மட்டும் திருத்த முயலும்போது, குறை பாதிக்கப்பட்டவரின் மனத்தில் இருக்கிறது என்ற செய்தியை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். உண்மையறிதல் விடயத்திலோ இழப்பு இன்னும் நேரடியானது. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி நாடெங்கும் 7,000க்கும் மேற்பட்ட கருத்துரைகளைத் திரட்டி 2017 ஜனவரியில் அறிக்கையைக் கையளித்தது. அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டது. அடுத்த மாதம் 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் தொடங்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தத் தாய்மாரின் சாட்சியத்தை ஆணைக்குழுக்களும் ஆய்வாளரும் செயற்றிட்டங்களும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். கொடுத்த சாட்சியத்துக்கு என்ன நடந்தது என்று அவர்களிடம் திரும்பிவந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? இதோடு வரவுத்தாள் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையொப்பம், பிறகு ஒரு குழுப் புகைப்படம். கணக்காய்வாளருக்கு அது செலவின் சான்று. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து நடைமுறையில் இருக்கும், புலனாய்வாளர் கூட்டம் முடிந்த மாலையே வீட்டுக்கு வந்து விசாரிக்கும் மாவட்டங்களில் அதே தாள் வேறொருவருக்கு வேறொன்றின் சான்றாகிவிடும். முரண்பாட்டு உணர்திறன் பற்றிய பயிற்சியிலேயே அந்தத் தாள் கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது என்பதை என்னவென்று சொல்வது!

உங்கள் பதில்களை நான் ஊகிக்க முடியும், அவற்றில் நியாயமும் இருக்கிறது. முதலாவது, பணம் கொடையாளருடையது, விதி அவருடையது, எங்களுக்குக் கிடைப்பது இரண்டு ஆண்டும் ஒரு இலக்கு அட்டவணையும்தான் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அட்டவணையின் பெரும்பகுதி உங்கள் முன்மொழிவிலேயே எழுதப்பட்டது. சூழ்நிலை மாறினால் செயற்பாட்டை மாற்றலாம், நிறுத்தலாம் என்ற வாசகத்தையும் அதற்கான ஒதுக்கீட்டையும் முன்மொழிவிலேயே கேட்டால் கொடையாளர் மறுப்பார் என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். கேட்டு மறுக்கப்பட்டது வேறு, கேளாமல் விட்டது வேறு. இரண்டாவது, நாங்கள் விலகினால் அந்த இடத்துக்கு மோசமான ஒருவர் வருவார் என்பது. இந்த வாதத்துக்கு எல்லையில்லை என்பதே அதன் குறை. எதைச் செய்தாலும் அதைக்கொண்டு நியாயப்படுத்தலாம். நான் கேட்பது விலகலையுமல்ல. எந்தக் கட்டத்தில் நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறேன். மூன்றாவது, பேசினால் அனுமதி போய்விடும் என்ற அச்சம். அரச சார்பற்ற நிறுவனங்களைப் பதியும் செயலகத்தைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைத்திருந்த நாட்டில் இது வெறும் சாக்கு அல்ல, அதை ஏற்கிறேன். ஆனால் மௌனத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்று கணக்குப் பாருங்கள். அனுமதி உங்களிடம் நிற்கிறது. ஆபத்து உங்கள் பங்காளி அமைப்பின் செயலாளரிடம் போகிறது.

நான்காவது பதில்தான் கனமானது. இவ்வளவும் யோசித்தால் எதையும் செய்ய முடியாதே என்பீர்கள். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது, முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊருக்குக் கொண்டுபோகப்படவில்லை. ஊரில் படைத் தலைமையகம் இருந்தது, அவர்கள் மாற்றிடம் ஒன்றில் இறக்கப்பட்டார்கள். அங்கே கிணறு வெட்டிக் கொடுப்பதா? கொடுத்தால் காணிப் பறிப்புக்கு உறுதி எழுதிக்கொடுத்தது போலாகும். கொடுக்காவிட்டால் பிள்ளைகள் தண்ணீருக்கு அலையும். இதற்குச் சூத்திரம் இல்லை, ஆனால் செய்யும் முறை இருக்கிறது. கிணற்றை வெட்டலாம், அது தற்காலிக ஏற்பாடு, மக்களின் சொந்தக் காணி மீதான உரிமையை அது எவ்வகையிலும் பாதிக்காது என்று மக்களோடு பேசி எழுத்தில் வைத்து, அந்த எழுத்தை மாவட்டச் செயலகத்துக்கும் கொடையாளருக்கும் கொடுத்துவிட்டு வெட்டலாம். திறப்பு விழாவையும் பெயர்ப்பலகையையும் தவிர்க்கலாம். 2017இல் அவர்கள் தம் நிலத்துக்காக வீதியில் இருந்தபோது அப்படியொரு தாள் அவர்கள் கையில் இருந்திருந்தால் அதற்கு ஒரு பெறுமதி இருந்திருக்கும். யோசிப்பது செயலைத் தடுப்பதில்லை. செயலின் வடிவத்தை மாற்றுகிறது, சில சமயம் உங்கள் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுகிறது. உங்களுக்குக் கசப்பது அதுவாகவும் இருக்கலாம்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஓர் ஆணையால் நிறுத்தியபோது, நடந்துகொண்டிருந்த வேலைகள் உலகெங்கும் இடைநடுவில் நின்றன. வரும் பணம் மட்டுமல்ல, போகும் பணமும் முரண்பாட்டில் தலையிடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. ஒரு பிணக்கை நடுவில் எடுத்துப் பேசத் தொடங்கி, இரு தரப்பையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்த மறுநாள் பணம் நின்றுவிட்டால், அந்த அறைக்கு அழைத்துவந்த உள்ளூர்க்காரர்தான் ஊரில் மிஞ்சி நிற்கிறார். வெளியேறும் திட்டம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வரும் சம்பிரதாயமாக இருக்க முடியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், உங்கள் முரண்பாட்டுப் பகுப்பாய்வில் உங்கள் பணத்துக்கென ஒரு அத்தியாயம் எழுதுவியுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்த அளவுகோலில், யார் தெரிவு செய்தார் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தொகையோடு ஒட்டுங்கள். பட்டியலில் இல்லாதவர் கேள்வி கேட்க ஒரு வழியும், பதில் கிடைக்க ஒரு தவணைக் காலமும் வையுங்கள். தனிமனிதரின் பெயரை வெளியிடுவது ஆபத்தாகும் வேலைகளில் அளவுகோலை மட்டும் ஒட்டி, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இல்லாத வரவுப் பதிவைக் கணக்காய்வாளர் ஏற்கும்படி முன்கூட்டியே பேசி முடியுங்கள். முரண்பாட்டு உணர்திறனுக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கு, ஒரு செயற்பாட்டைப் பதினைந்து நாளுக்கு நிறுத்திவைக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அதைப் பயன்படுத்தியதற்காக அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகாது என்பதையும் எழுதுங்கள். பணம் திடீரென நின்றால் பங்காளி அமைப்புகள் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கத் தேவையான தொகையைத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கக் கேளுங்கள். இவற்றில் எதைக் கொடையாளர் மறுக்கிறாரோ அதை அவர் காரணத்தோடு எழுத்தில் மறுக்கட்டும். அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்து உங்கள் பங்காளி அமைப்புகளுக்கு அனுப்புங்கள். அதைப் படித்த பின்னும் உங்களோடு சேர்ந்து வேலை செய்வதா என்று அவர்கள் தீர்மானிக்க ஒரு மாதம் கொடுத்து, அவர்களுடைய பதில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள்.